குளிர்காலத்தில் ஃபான் போட்டவர்

குளிர்காலத்தில் ஃபான் போட்ட மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். அதுவும் லண்டனில், தை மாதத்தில், வெளியே நிற்கிற கார்களின் கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்தது போலக் கிடக்கும்போது. மேசையில் வைக்கிற சின்ன ஃபான் அது. அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு நடைவழியில், என் அறை வாசலோடு தரையில் வைப்பார். முகத்தை முன் ஹோலைப் பார்க்கத் திருப்பிவிடுவார். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒன்றும் செய்யாதவர் போல மாடிப்படி ஏறிப் போய்விடுவார்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். இப்போது எந்த நாட்டில், எந்த நிலைமையில் இருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டால் அவருக்கு வந்த கரைச்சல் போதும், பெயராலும் ஒன்று வரவேண்டாம். மகன் அவரை அண்ணை என்பான். மருமகள் தன் ஆட்களோடு தொலைபேசியில் கதைக்கும்போது "மேல் அறைக்காரர்" என்பாள். நான் தம்பி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதும் குறைவு. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

வீடு நோர்பரியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிய, முன்னுக்கு ஒடுங்கிப் பின்னுக்கு நீண்ட வீடு. முன்னால் எல்லாரும் கூடி இருக்கிற ஹோல், பிறகு நீட்டு நடைவழி, கடைசியில் சமைக்கிற குசினி. குசினிக்குப் பக்கத்தில் பிறகு கட்டிச் சேர்த்தது என் அறை. மேலே மகனும் மருமகளும் சின்னப் பேத்தியும் படுக்கிற அறை. அதற்கு அடுத்ததாக ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் மட்டும் கொள்ளக்கூடிய சின்ன அறை. அந்தச் சின்ன அறையில் அவர் வாடகைக்கு இரண்டு வருடம் இருந்தார். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். இங்கே அகதி வழக்கு ஒருமுறை தோற்று, லோயர் திரும்பவும் எழுதிப் போட்டிருந்தார். லண்டன் ரோட்டில் ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கம் காய்கறிப் பெட்டி இறக்கிக் கொடுப்பார்.

காஸ் பில் ஏறி எல்லாரும் வாயைப் பிளந்த அந்த வருடம், மகன் காஸ் சூடாக்கியை நிற்பாட்டிவிட்டு முன் ஹோலில் விறகு அடுப்பு ஒன்று பூட்டினான். கண்ணாடிக் கதவு வைத்த கறுப்பு இரும்பு அடுப்பு. அதன் முதுகில் ஓர் ஊது ஃபான் இருந்தது. அடுப்பைச் சுற்றி நிற்கிற சூட்டை அது அறைக்குள் ஊதும். இந்த ஒன்றே காணும், வேறொன்றும் தேவையில்லை, வீடு முழுக்கச் சூடாகும் என்று மகன் சொன்னான். வேலைத்தளத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹோல் சூடாகியது உண்மை. அங்கே இருந்து படம் பார்க்கிறவர்கள் சுவெற்றரைக் கழற்றி எறிந்தார்கள். என் அறையில் நான் விட்ட மூச்சு எனக்கே புகை போலத் தெரிந்தது. மகன் ஊது ஃபானை இன்னும் கூட்டி வைத்தான். ஹோல் இன்னும் வெந்தது. சூடு அந்த வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று அங்கேயே நின்றது. விடியப்புறம் எனக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. கட்டிலின் விளிம்பில் இருந்து கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் எழும்புவேன். உங்கள் அறைக்கும் சூடு வருகிறதுதானே என்று மகன் கேட்பான். ஓம், வருகிறது என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவ அவர் கீழே வந்தார். நடைவழியில் குனிந்து தரைக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி வாசல் நிலையின் மேல்பக்கம் பிடித்துப் பார்த்தார். ஹோல் வாசலில் நின்று மகனிடம் சொன்னார்.

"சூட்டைத் தள்ளினா அது போகாது. குளிரைத் தள்ளுங்கோ. அம்மாவின்ரை அறை வாசல்லை நிலத்திலை ஒரு ஃபானை வைச்சு அடுப்புப் பக்கமாத் திருப்பிவிடுங்கோ. கீழாலை குளிர் இஞ்சை வந்தா, மேலாலை சூடு தன்ரை பாட்டிலை அங்கை போகும்."

மகன் சிரித்தான். "குளிருக்கை ஃபான் போடச் சொல்லுற ஒரே ஆள் நீங்கள்தான் அண்ணை. வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ."

மருமகளும் சிரித்தாள். அவர் கோபிக்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனார்.

அவருடைய குணம் அதுதான். எதையும் ஒரு தரம்தான் சொல்வார். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் விட்டது. சலவை இயந்திரத்தின் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு காலையில் சொன்னார். மருமகள் அவசரத்தில் ம் என்றாள். அவர் திரும்ப வாயே திறக்கவில்லை. பத்து நாளில் குசினித் தரைப் பலகை ஊறி வீங்கி எழும்பியது. தெரிந்தால் சொல்லியிருக்கலாமே என்று மகன் கத்தினான். "சொன்னனான்" என்றார். அவ்வளவுதான். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று அடுத்த வசனம் வராது. எனக்கே அன்றைக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. இதென்ன பிடிவாதம், இரண்டு தரம் சொன்னால் நாக்குத் தேய்ந்து போகுமா என்று நினைத்தேன்.

ஊரில் கடற்கரைப் பக்கம் ஐஸ் கொம்பனி ஒன்றில் பதினாறு வயதிலிருந்து வேலை செய்தவர். மீனுக்கு ஐஸ் கட்டி வார்த்து, உடைத்து, மரத்தூளுக்குள் புதைத்து வைக்கிற வேலை. குளிர் பாரமானது, அது தரையில் படுத்துத்தான் ஊரும் என்று எனக்குச் சொன்னவர் அவர். லண்டனில் பிறந்தவர்களுக்கும் தெரியாததை அவர் அங்கேயே படித்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கோடைக்கு வாங்கிய தன் மேசை ஃபானைக் கொண்டுவந்து என் அறை வாசலில் வைத்தார். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமிப் படத்தடியில் இருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தினார். தரையோடு பிடித்தார். புகை ஹோல் பக்கம் ஓடியது. கையை உயர்த்தி வாசலின் உச்சியில் பிடித்தார். அதே புகை திரும்பி என் அறைக்குள் வந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊதுபத்தியைச் சுவாமிக்கே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணித்தியாலத்தில் என் அறைச் சுவர் தொட்டால் கையில் சில்லென்று குத்தாமல் இருந்தது. ஒரு கிழமை, ஏழே நாளில், காலையில் தேய்க்காமல் எழும்பினேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு இதால் சுகம் என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஃபான் வீட்டுப் பொருளாகியிருக்கும். நான் சொல்லாததால் அது அவருடைய விசர்க் குணமாகவே கிடந்தது.

மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. நடைவழியால் போகும்போது காலடியில் பேய் ஊதுகிற மாதிரி இருக்கிறதாம். கரண்டும் வீணாகப் போகிறதாம். கடைசியில் மகன் ஒரு தீர்ப்புச் சொன்னான். தாங்கள் வீட்டில் இல்லாத நேரம் மட்டும் அந்த ஃபானைப் போடலாம். அவரும் சரி என்றார். அதனால் வேலை நாட்களில் எனக்குச் சூடு, சனி ஞாயிறில் குளிர்.

அவருடைய வழக்கைப் பற்றி எனக்கு வடிவாகத் தெரியாது. ஒருநாள் லோயரிடம் போய் வந்து, குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். மகன் விசாரித்தான். முதல் வழக்குத் தோற்றதற்குக் காரணம் அவர் விசாரணையில் சரியாகப் பதில் சொல்லாததுதான் என்று லோயர் ஏசினாராம். ஊரில் அவரைப் பிடித்து வைத்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். வேறு விதமாக அதையே திரும்பக் கேட்டிருக்கிறார்கள். முதலே சொல்லிவிட்டேன், எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள் என்றிருக்கிறார். நாலு தரம் கேட்க, நாலு தரமும் அதே பதில்.

"அண்ணை, திருப்பிக் கேக்கிறது அவங்கடை முறை. நீங்களும் திருப்பிச் சொல்லத்தான் வேணும்" என்றான் மகன்.

"திருப்பித் திருப்பிக் கேட்ட இடத்திலையிருந்துதான் தம்பி நான் வந்தனான்" என்றார் அவர்.

அவர் கோப்பையைக் கழுவினார். அவருடைய பிடிவாதம் என்று நான் நினைத்தது என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவர் ஒன்றைச் சொன்னால் நான் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்பேன். கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அவர் ஒன்று சொல்லியிருந்தார். ஹோலில் அடுப்புப் பூட்டியவர்கள் வெளிச்சுவரில், தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், கை போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, காற்றுப் போகிற இடுக்கு வைத்த பிளாஸ்டிக் தட்டி ஒன்றைக் கொழுவிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் என் கதிரை. சோபாவில் பிள்ளைகள் இருப்பார்கள், எனக்கு அந்த மூலை. ஓட்டையால் வருகிற காற்று நேரே என் கணுக்காலில் அடிக்கும். விறகை இவ்வளவு எரித்துச் சூடாக்குகிறவர்கள் சுவரில் ஓட்டையும் விட்டு வைப்பார்களா, வேலைக்காரர் பூசாமல் மறந்து போய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார்.

"அம்மா, உந்த ஓட்டையை ஒருநாளும் அடைக்காதேங்கோ. அடுப்பு மூச்சு எடுக்கிறது அதாலைதான்."

நான் ஓம் என்றேன்.

அந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பனி உறைந்து கிடந்தது. எல்லாரும் வீட்டில், அதனால் நடைவழி ஃபான் இல்லை. என் அறையில் இருக்க ஏலாமல் ஹோல் மூலைக்கு வந்தேன். கணுக்காலில் காற்று. அவர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒரு மணித்தியாலம்தானே, பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அறைக்குப் போய் என் பழைய நூல் சேலையில் கிழித்து வைத்திருந்த துண்டொன்றை எடுத்து வந்து, தட்டியைக் கழற்றி, நன்றாகச் சுருட்டி உள்ளே தள்ளி, தட்டியைத் திரும்பப் பூட்டினேன். காற்று நின்றது. அந்தச் சுகத்தில் கதிரையிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

மருமகள் குசினியில் மீன் பொரித்தாள். குளிர் வராமல் வெளிக்கதவு, யன்னல் எல்லாம் சாத்தி, மணம் பரவாமல் இருக்கக் குசினி அடுப்புக்கு மேலே வீட்டுக் காற்றோடு புகையை வெளியே இழுக்கிற ஃபானை முழு வேகத்தில் விட்டிருந்தாள். பேத்தி சோபாவில் படுத்துப் படம் பார்த்தாள். மகன் மேலே குளித்துக்கொண்டிருந்தான். மேல் அறைக்காரர் வேலையால் வந்தவர், நான் அறையில் இருக்கிறேன் என்று நினைத்து, என் வாசலில் ஃபானைப் போட்டுவிட்டு மேலே போனார். சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டாரோ, என் முழங்காலை நினைத்து வேண்டுமென்றே போட்டாரோ தெரியாது.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது. நச்சுக் காற்றுக்கென்று சுவரில் பூட்டியிருந்த வெள்ளைப் பெட்டி அலறியது. நான் கண்ணைத் திறந்தபோது அடுப்புக் கதவின் இடுக்கால் மெல்லிய புகை அறைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. பேத்தி சோபாவிலேயே வாந்தியாகச் சத்தி எடுத்தாள். அவர்தான் முதலில் ஓடி வந்தவர். பிள்ளையை அள்ளிக்கொண்டு முன்கதவைத் திறந்து வெளியே போனார். திரும்ப வந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்றாம் தரம் உள்ளே போய்க் குசினி ஃபானை நிற்பாட்டி, யன்னல்களைத் திறந்தார்.

முற்றத்தில் மருமகள் பிள்ளையை அவரிடமிருந்து பறித்தாள். இந்தக் குளிரில் கோட்டுப் போடாமல் பிள்ளையை வெளியே கொண்டு வருவாரா என்று முதலில் அதற்குத்தான் சத்தம் போட்டாள். பிறகு திறந்த கதவால் நடைவழியில் சுற்றிக்கொண்டிருந்த ஃபானைக் கண்டாள்.

"இந்தாள் ஃபான் போட்டு அடுப்பை ஊதி விட்டிருக்கு" என்றாள்.

அவர் ஹோல் யன்னலால் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்த இடம் எனக்குத் தெரியும். தட்டியின் கீழ் விளிம்பில் என் சேலைத் துண்டின் நீலக்கரை ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் செருப்பில்லாத காலைப் பார்த்தேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பின்னேரமே விட்டுவிட்டார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் துண்டை வெளியே எடுத்துவிட்டேன். சுவர்த் தூசி பிடித்திருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, என் அறைக் கம்பியில் காயப்போட்டேன். பாத்திரம் கழுவுகிற மாதிரித்தான் கழுவினேன்.

திங்கட்கிழமை அடுப்புப் பூட்டிய வெள்ளைக்காரர் வந்து பார்த்தார். புகைக்கூடு சுத்தம். ஓட்டை திறந்து கிடக்கிறது. அடுப்பில் பிழையில்லை. யாராவது அந்த ஓட்டையை அடைத்தீர்களா என்று கேட்டார். மகன் அதைத் தமிழில் என்னிடம் கேட்டான்.

"இல்லை" என்றேன்.

வாழ்நாள் முழுக்க ஓம் சொல்லிப் பழகிய வாய். ஒரு இல்லை சொல்ல வேண்டி வந்தபோது அதை எங்கே கொண்டுபோய்ச் சொன்னது பாருங்கள்.

அடுப்பில் பிழை இல்லை, ஓட்டையில் பிழை இல்லை என்றால் பிழை யாரில் என்று வந்துவிடும்தானே. எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் யார் செய்தது என்று ஒருவரும் தேடமாட்டார்கள். கெட்டது நடந்தால் ஆள் உடனே கிடைத்துவிடுவார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லி மகன் அவரிடம் சொன்னான். நான் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். அவர் "லோயர் இந்த விலாசம்தான் குடுத்திருக்கிறார். விசாரணைக்குக் கடிதம் வரும். வந்தா எடுத்து வையுங்கோ" என்றார். மகன் ஓம் என்றான்.

அந்தக் கடிதத்தில்தான் அவருடைய எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அதற்குப் போகாவிட்டால் வழக்கு மூடிவிடும், மூன்றாம் தரம் என்று ஒன்று இல்லை. மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிடுகிற கதையும் அதோடு முடிந்துவிடும். இது எனக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒரு பெட்டியோடு போனார். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். நடைவழியில் அவருடைய காலடி என் வாசல் வரை வந்தது. ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். ஃபானை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க. பின்னேரம் மருமகள் அதைத் தூக்கிக் குப்பைக்கு வைத்தாள்.

அடுத்த மாதக் கடைசியில் கடிதம் வந்தது. வெள்ளை உறை, முன்பக்கம் விலாசம் தெரிகிற கண்ணாடித் தாள். மகன் அவருடைய தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தான். அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. கடிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தான்.

அவர் எந்தக் கடையில் வேலை செய்தார் என்று எனக்குத் தெரியும். நடந்து போகிற தூரம்தான். மூன்றாம் நாள் காலை, ஒருவரும் வீட்டில் இல்லாத நேரம், கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடிதத்தை எடுத்துப் போகப் பயம். கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னால் போதும் என்று வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடைக்குள் ஐந்தாறு பேர் நின்றார்கள். பின்பக்கக் கதவு திறந்திருந்தது, பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. கல்லாவில் நின்ற பிள்ளை என்னைப் பார்த்தது.

"என்ன அன்ரி வேணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கறிவேப்பிலை" என்றேன்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே பெட்டி இழுத்தது அவரா வேறு ஆளா என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு கிழமை அந்தக் கடிதம் குளிர்பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு தரம் பால் எடுக்கும்போதும் அதைப் பார்த்தேன். நாளைக்குப் போவோம் என்று நினைப்பேன். இப்படியான கடிதங்களை வீட்டில் வைத்திருந்தால் ஆளைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள் என்று மருமகள் சொன்னாள். மகன் அதன்மேல் ஆள் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டிக்குள் போட்டான்.

பிறகு கேள்விப்பட்டதெல்லாம் ஆள் ஆளுக்கு ஒரு கதை. விசாரணைக்குப் போகவில்லையாம், வழக்கு மூடிவிட்டதாம் என்று கோயிலில் ஒருவர் மகனுக்குச் சொன்னார். பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஹவுன்ஸ்லோவில் பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டேன் என்று ஒருவர். மகன் கேட்டுவிட்டு வந்து சாப்பிடும்போது சொன்னான். உப்புக் காணாது என்பதையும் அதே குரலில்தான் சொன்னான்.

நாலு குளிர்காலம் போய்விட்டது. இந்த வருடம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் பேத்தியை நடன வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தாள். மகன் ஹோலில் முழங்காலில் இருந்து அடுப்புச் சாம்பலை வாளிக்குள் அள்ளிக்கொண்டிருந்தான். முன்னே நான் ஒத்திகை ஒன்றும் பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"மோனை, அண்டைக்கு உந்த ஓட்டையை அடைச்சது நான்தான்."

அவன் திரும்பவில்லை. சாம்பலை அள்ளினான்.

"தெரியும்" என்றான்.

"ஆர் சொன்னது?"

"அவர்தான். போகேக்கை கேற்றடியிலை நிண்டு சொன்னவர். அம்மாவுக்குக் குளிருது, அதாலைதான் அடைச்சவ, அவவின்ரை அறைக்கு ஏதும் வழி செய்யுங்கோ எண்டு."

நாலு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் என்னைக் காட்டிக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு போனார் என்று. அவருடைய அந்த நல்லதனத்தை நினைத்து நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன். அவர் சொல்லித்தான் போயிருக்கிறார். என் அறைக்கு ஒரு வழியும் இன்று வரை ஒருவரும் செய்யவில்லை.

"தெரிஞ்சு கொண்டோ அவரைப் போக விட்டனி?"

"பிள்ளைக்கு அந்த மேல் அறை வேணுமெண்டு நிண்டதுதானே அம்மா. ஏதோ ஒரு சாட்டு வந்துது, விட்டாச்சு." தூரிகையால் அடுப்பின் அடியைக் கூட்டினான். "அந்தக் கடிதத்தை எண்டாலும் கொஞ்ச நாள் வைச்சிருந்திருக்கலாம்" என்று தனக்குள் சொன்னான். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. களைத்த முகம்.

"நீங்களும் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

நான் பெற்ற பிள்ளை. எங்கே தொட்டால் நான் பேசாமல் இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

பிறகு மருமகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி மேலே தன் அறைக்கு ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். குழம்பு நன்றாயிருக்கிறது என்று மகன் சொன்னான். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.